ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புகிறோமே, அது போதாதா?

நீங்கள் கேட்டது இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். ஒன்பது வயது மகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் போகிறாள். இந்த ஆண்டு புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, வாங்கப் போகிறாள். பதினைந்து வயது மகன் சில மாதங்களாகத் திருப்பலிக்கு வர மறுக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை, "பிள்ளைகளுக்கு முதல் மறைக்கல்வி ஆசிரியர் நீங்கள்தான்" என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்கே சரியாகத் தெரியாததை எப்படிக் கற்றுக்கொடுப்பது, அதற்குத்தானே வகுப்பு இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

வகுப்பு மட்டும் போதாது. அதே நேரம், உங்களிடம் கேட்கப்படுவது நீங்கள் நினைத்துப் பயப்படும் காரியமும் அல்ல.

நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன். பத்துக் கட்டளைகள், ஏழு அருளடையாளங்கள், செபமாலை மறைபொருள்கள், மனஸ்தாப மந்திரம் எல்லாவற்றையும் என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். ஆனால் கடவுள் என்பவர் நாம் பேசினால் கேட்கிற ஒருவர் என்பதை என்னால் வகுப்பில் புகட்ட முடியவில்லை. அதை ஏற்கனவே தெரிந்துகொண்டு வந்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். "கண்ணை மூடிச் செபிப்போம்" என்று சொன்னதும் அவர்கள் அமைதியாகிற விதத்திலேயே அது தெரிந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. வீட்டில் யாரோ ஒருவர் செபிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் பிள்ளை எங்களிடம் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளின் திருமுழுக்கு (ஞானஸ்நான) நாளை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் புகைப்படம் எடுக்கும் அவசரத்தில் இருப்பதால் அன்று சொல்லப்படும் வார்த்தைகள் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. தண்ணீர் ஊற்றுவதற்கு வெகு முன்பே, சடங்கின் தொடக்கத்திலேயே, குரு பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறார். பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்பதன் மூலம், அதை விசுவாச வாழ்க்கையில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்கள், இதை நன்றாகத் தெரிந்துதான் கேட்கிறீர்களா என்கிறார். தெரியும் என்று நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். பிறகு குரு குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தார். உங்களையும் வரையச் சொன்னார். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கொடுத்து, இந்த ஒளி அணையாமல் காப்பது உங்கள் பொறுப்பு என்றார். முடிவில் தந்தைக்காகச் செபிக்கும்போது, தாயும் தந்தையுமே இந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தின் முதல் ஆசிரியர்கள், அவர்கள் சொல்லாலும் செயலாலும் மிகச் சிறந்த ஆசிரியர்களாகவும் இருக்கட்டும் என்று ஆசீர் அளித்தார். உங்கள் பங்குத்தந்தை கூட்டத்தில் சொன்னது அந்த ஆசீரின் வரியைத்தான்.

திருச்சபை இதை வெறும் அறிவுரையாக விட்டுவிடவும் இல்லை. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று அழைத்தது. அடுத்த ஆண்டு, 1965 அக்டோபரில், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பெற்றோரின் பங்கு விடுபட்டுப் போனால் அதை வேறு எதனாலும் ஈடுகட்டுவது அரிது என்று எழுதியது. 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 774ஆம் பிரிவு, சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளை விசுவாசத்தில் உருவாக்கும் கடமை மற்ற யாரையும்விடப் பெற்றோருக்கு என்கிறது. ஞானப்பெற்றோருக்கும் அதே கடமை உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. 868ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்குக் கொஞ்சமும் இடமில்லை என்றால், குழந்தைத் திருமுழுக்கையே தள்ளிவைக்க வேண்டும். அதாவது, குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்போதே திருச்சபை உங்கள் வீட்டை நம்பித்தான் கொடுக்கிறது.

புனித இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வி பற்றி 1979இல் எழுதிய மடலில், குடும்பத்தில் நடக்கும் மறைக்கல்வி மற்ற எல்லா வகை மறைக்கல்விக்கும் முன்னால் வருகிறது, கூடவே நடக்கிறது, அவற்றை வளப்படுத்துகிறது என்றார். இதைச் சொன்னவரின் சொந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். அவருக்கு ஒன்பது வயது நிறைவதற்கு முன்பே தாய் இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் அண்ணனும் போய்விட்டார். மிஞ்சியது ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியான தந்தை மட்டும். இரவில் விழித்துப் பார்த்தால் அப்பா முழங்காலில் இருப்பார் என்று பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, திருத்தந்தையாக இருந்தபோது, அவர் நினைவுகூர்ந்து எழுதினார். குரு ஆவது பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லையாம். இருந்தும் தந்தையின் அந்த முன்மாதிரியைத் தம் முதல் குருமடம் போல நினைத்தார். அந்தத் தந்தை உட்கார்ந்து பாடம் நடத்தியதைப் பற்றியல்ல, முழங்காலில் இருந்ததைப் பற்றித்தான் மகன் எழுதினார். லிசியே நகர் புனித தெரேசாவும் தன் அப்பா செபிப்பதைப் பார்த்தாலே புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று தெரிந்துவிடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அந்த அப்பா கடிகாரம் செய்கிறவர். அம்மா சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். உங்களைப் போலவே வேலை பார்த்த தாய். 2015 அக்டோபரில் இருவரும் சேர்ந்தே புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். கணவன் மனைவியாக ஒரே நேரத்தில் அந்த நிலை பெற்ற முதல் தம்பதியர் அவர்கள்.

இரண்டு கதையிலும் நான் குறிப்பாகக் கவனிப்பது தந்தையரை. நான் பார்த்தவரை, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வருகிறார்கள். செபம் சொல்லிக்கொடுப்பதும் அம்மா வேலை என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பையன்கள் வளர வளர, இது அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் செய்கிற காரியம் என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். எனவே ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இரவுச் செபத்தை நீங்கள் தொடங்குங்கள்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? இணைச்சட்ட நூலின் 6ஆம் அதிகாரம் இதற்கு ஒரு கால அட்டவணையே தருகிறது. கடவுளின் வார்த்தைகளைப் பிள்ளைகளின் உள்ளத்தில் பதியச் சொல். வீட்டில் இருக்கும்போதும், வழியில் போகும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் அவற்றைப் பற்றிப் பேசு என்கிறது. தனியாக வகுப்பு வைக்கச் சொல்லவில்லை. எப்படியும் நடக்கிற நான்கு நேரங்களைத்தான் சொல்கிறது. வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு சிலுவை அடையாளம். பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில், ஞாயிற்றுக்கிழமை வாசித்த நற்செய்தியில் அவளுக்கு எது பிடித்தது என்று ஒரு கேள்வி. சாப்பிடும் முன் நன்றி. படுக்கும் முன் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அது ஒப்பித்தலாகவே முடிந்துவிடுகிறது. 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே', 'அருள் நிறைந்த மரியே' இரண்டும் கட்டாயம் வேண்டும். வார்த்தை கிடைக்காத துக்கத்திலும் நாளைக்கு அவைதான் பிள்ளையின் நாக்கில் வரும். ஆனால் அவற்றோடு நிறுத்தாமல், உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி, பிள்ளை கேட்க, சத்தமாகச் சொல்லுங்கள். "இயேசுவே, இன்றைக்கு அலுவலகத்தில் ரொம்பக் கோபப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளும்." "அத்தையின் அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு நன்றி." முதல் சில நாள் கூச்சமாக இருக்கும். பழகிவிடும். உங்கள் நிஜமான கவலையும் நிஜமான நன்றியும் யாரிடமோ போய்ச் சேருகின்றன என்று உங்கள் மகள் அன்றுதான் பார்ப்பாள். எந்த வகுப்பாலும் கொடுக்க முடியாதது என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

அடுத்து, மன்னிப்பு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் பெற்றோரின் கடமைகளைப் பற்றிப் பேசுகிற இடத்தில் (2223ஆம் எண்), தங்கள் குறைகளைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ளத் தெரிந்த பெற்றோரே அவர்களை நன்றாக வழிநடத்தவும் திருத்தவும் முடியும் என்கிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். காரணமில்லாமல் திட்டிவிட்டு, அரை மணி கழித்துப் போய், "அப்பா செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், அதாவது ஒப்புரவு அருளடையாளம் பற்றி நான் எடுக்கும் நான்கு வகுப்பை அது மிச்சப்படுத்தும். மன்னிப்புக் கேட்பதையும் மன்னிப்புக் கிடைப்பதையும் வீட்டில் பார்த்த பிள்ளை, குருவின் முன் முழங்காலிடும்போது நடுங்காது.

மகளின் புதுநன்மைக்கு வருகிறேன். முன்பெல்லாம் பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது, சில இடங்களில் அதற்கும் மேல் காத்திருக்க வைத்தார்கள். 1910 ஆகஸ்டில் புனித பத்தாம் பயஸ் காலத்தில் வெளியான ஆணைதான் அதை மாற்றி, பகுத்தறியும் வயது, அதாவது ஏறக்குறைய ஏழு வயது, போதும் என்றது. நற்கருணை சாதாரண அப்பம் அல்ல என்று பிள்ளைக்குத் தன் வயதுக்கேற்பத் தெரிந்து, பக்தியோடு வாங்க முடிந்தால் போதும். முழு மறைக்கல்வியும் மனப்பாடமாக வேண்டியதில்லை. பிள்ளை தயாரா என்று பார்க்கும் பொறுப்பை அந்த ஆணை யாரிடம் கொடுத்தது என்பது முக்கியம். பிள்ளையின் தந்தையிடமும், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடமும். இன்றைய சட்டமும் (914ஆம் பிரிவு) முதலில் பெற்றோரையும் பிறகு பங்குத்தந்தையையும் சொல்கிறது. புதுநன்மைக்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம் நடந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், புதுநன்மை ஆண்டு முழுவதும் உடை, விருந்து, அழைப்பிதழ் என்றே போய்விடுகிறது. விருந்து வைப்பதில் தவறில்லை, அது மகிழ்ச்சியான நாள்தான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு நாள், கோவிலில் கூட்டம் இல்லாத நேரத்தில் மகளை அழைத்துப் போய் நற்கருணைப் பேழைக்கு முன்னால் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். எரிகிற விளக்கைக் காட்டி, "இயேசு உள்ளே இருக்கிறார், அதனால்தான் இது எரிகிறது" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு மௌனமாக இருங்கள். அவள் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்பு நீங்கள் இருவரும் போங்கள். நீங்கள் வரிசையில் நிற்பதையும், போய்விட்டு நிம்மதியான முகத்தோடு வெளியே வருவதையும் அவள் பார்க்கட்டும். ஆண்டுக்கணக்கில் போகாமல் இருந்தால் அதுவும் பரவாயில்லை. ரொம்ப நாளாயிற்று என்று குருவிடம் சொன்னால் அவர் கைப்பிடித்துக் கூட்டிப் போவார். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னாய் என்று பிள்ளையிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். விளையாட்டாகக்கூட.

"எங்களுக்கே சரியாகத் தெரியாது" என்கிறீர்கள். அவளுடைய வகுப்புப் புத்தகத்தை எடுத்து நீங்களும் படியுங்கள். வாரம் ஒரு பாடம்தான். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். "கடவுளை யார் படைத்தார்?", "பாட்டிக்காக அவ்வளவு செபித்தோமே, ஏன் செத்துப்போனாள்?" இப்படித்தான் கேட்பார்கள். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைப்பதுதான் பெரிய தவறு. எகிப்திலிருந்து விடுதலையான இரவைப் பற்றிச் சொல்லும்போதே விவிலியம் (விடுதலைப் பயணம், 12ஆம் அதிகாரம்) பிள்ளைகள் வந்து இந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள், அப்போது நீங்கள் இப்படிச் சொல்லுங்கள் என்கிறது. பிள்ளை கேட்கும் என்பது எதிர்பார்க்கப்பட்டதுதான். முதல் கேள்விக்கு, கடவுளை யாரும் படைக்கவில்லை, அவர் எப்போதும் இருக்கிறவர் என்பது பதில். இரண்டாவதற்கு என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை. அந்த நேரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கும் அழுகையாக வருகிறது. லாசருக்காக இயேசுவும் அழுதார். பாட்டி அவரிடம் இருக்கிறாள் என்று நம்புகிறேன், அவளுக்காக இப்போது செபிப்போம்" என்று சொல்வேன்.

ஞானப்பெற்றோர் என்று இரண்டு பேரை அன்று நிறுத்தினீர்களே, அவர்கள் எங்கே? திருமுழுக்கு ஆண்டு நாளில் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, அந்த மெழுகுவர்த்தியை எடுத்து ஏற்றுங்கள். உங்கள் மகனைப் பொறுத்தவரை அவன் ஞானத்தந்தை உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கலாம். அப்பாவிடம் பேசாததை அவரிடம் பேசுவான்.

அந்தப் பையனைப் பற்றித்தான் உங்கள் கடிதத்தில் வலி அதிகம் தெரிந்தது. முதலில் காரணத்தைக் கேளுங்கள், சண்டை இல்லாத ஒரு நேரத்தில். எல்லா மறுப்பும் ஒன்றல்ல. சலிப்பாக இருக்கலாம். நண்பர்கள் கிண்டல் செய்திருக்கலாம். உண்மையாகவே சந்தேகம் வந்திருக்கலாம். யோசிக்கிற பிள்ளைக்கு அந்த வயதில் வரும். அல்லது கோவில் வட்டாரத்தில் யாராவது அவனை அவமானப்படுத்தியோ, அதைவிட மோசமாக நடந்துகொண்டோ இருக்கலாம். கடைசியாகச் சொன்னது என்றால், திருப்பலி பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, அவனை நம்பி, அவன் பக்கம் நின்று, அவனைப் பாதுகாப்பதுதான் முதல் வேலை. பிள்ளையைப் பாதுகாப்பதைவிடப் பெரிய திருச்சபைக் கடமை அந்த நேரத்தில் உங்களுக்கு இல்லை.

சந்தேகம் என்றால், அதை ஒழுக்கக் கேடு மாதிரி நடத்தாதீர்கள். படித்த, பொறுமையான ஒரு குருவிடமோ துறவியிடமோ பேச வையுங்கள். சலிப்பு என்றால், ஞாயிறு திருப்பலி நம் குடும்பத்தின் வழக்கம், நீயும் இந்தக் குடும்பம் என்று அமைதியாக, உறுதியாகச் சொல்லலாம். பதினைந்து வயதில் அப்படிச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கத்தி, கையைப் பிடித்து இழுத்து, "நரகத்துக்குத்தான் போவாய்" என்று மிரட்டிக் கூட்டிப் போவதால் உடல்தான் வரும். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதை ஒவ்வொரு நிமிடமும் கண்காணிப்பதைவிட, அவன் உள்ளத்தில் எங்கே நிற்கிறான் என்று அறிவதுதான் பெரிது என்ற கருத்தை எழுதியிருக்கிறார். திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளமான உறுதிப்பூசுதலையும் ஒரு பட்டமளிப்பு விழா போல எப்படியாவது முடித்துவிடத் துடிக்காதீர்கள். அவன் கேட்கும் நாள் வரட்டும்.

புனித மோனிக்காவின் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு பகுதி உண்டு. மகன் அகுஸ்தீன், உலகை நன்மை, தீமை என்ற இரு சக்திகளின் போராகப் பார்த்த மானிக்கேயக் கொள்கையில் விழுந்துகிடந்தபோது, அவனிடம் வாதாடித் திருத்தும்படி ஓர் ஆயரிடம் போய்க் கெஞ்சினார். ஆயர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காகச் செபி, படிக்கப் படிக்க அவனே கண்டுபிடிப்பான் என்றார். அவருக்கு அது சொந்த அனுபவம். சிறுவயதில் அவருடைய தாயே அவரை அந்தக் குழுவிடம் ஒப்படைத்திருந்தார்; யாரும் வாதாடாமல் தாமே படித்து வெளியே வந்தவர் அவர். மோனிக்கா விடாமல் அழுது கேட்டபோதுதான், இவ்வளவு கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பினார். பல ஆண்டுகள் கழித்து, 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார்.

உங்கள் மகனிடம் வாதம் வேண்டாம். அவன் வராத ஞாயிறிலும் நீங்கள் மூவரும் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இரவுச் செபத்துக்கு அவனைக் கூப்பிடுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டால் அவன் காதில் விழுகிற தூரத்தில் அவன் பெயரைச் சொல்லிச் செபியுங்கள், குத்திக்காட்டாமல். அவன் தூங்கப் போகும்போது நெற்றியில் சிலுவை வரையுங்கள். திருமுழுக்கு நாளில் செய்த அதே கைதான். பதினைந்து வயதுப் பையன் தலையைத் திருப்பிக்கொண்டால், அவன் தூங்கிய பிறகு போய் வரைந்துவிட்டு வாருங்கள்.